சதைக்குள்ள இருக்குற சார்கோமியரை உயிரோட இருக்கும்போதே அளக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபி படிச்சு, இப்ப பசங்களுக்கு தசை இயக்கவியல் பாடம் எடுக்குறேன். சார்கோமியர் பாடம் வந்தாலே வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வருது, கிளாஸ்ல பசங்க, கிளினிக்ல அம்மாக்கள், தெரு முனை ஜிம்ல பயிற்சி குடுக்குற தம்பி வரைக்கும். ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்றதுக்கு பதிலா, அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுடலாம்னு உக்காந்தேன். எல்லாம் ஒரு முறையை பத்தின கேள்விங்க: ஊசி மாதிரி மெல்லிசான லென்ஸை தசைக்குள்ள விட்டு, லேசர் பட்டதும் சதை தானா விடுற வெளிச்சத்துல சார்கோமியரை படம் எடுத்து அளக்குறது. நம்பர் போட்டிருக்கேன், ஏன்னா பின்னாடி வர்ற பதில்ல "முன்ன சொன்னேனே" அப்படின்னு திருப்பி அனுப்புவேன்.

1. சார்கோமியர்னா என்ன மேடம்? அது செல்லா, நாரா?

ரெண்டும் இல்ல. ஒரு தசை நார்தான் செல். அந்த செல்லுக்குள்ள நூல் நூலா நிறைய இழைங்க ஓடுது, ஒவ்வொரு இழையும் ரயில் பெட்டி கோத்த மாதிரி சின்ன சின்ன பெட்டிகளா இருக்கும். அந்த ஒரு பெட்டிதான் சார்கோமியர். நடுவுல தடிமனான மயோசின் இழை, ரெண்டு பக்கத்துல இருந்தும் மெல்லிசான ஆக்டின் இழை உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். தசை சுருங்கும்போது இந்த இழைங்க எதுவும் குட்டையாகுறதில்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கி போகுது, அவ்ளோதான். இத 1954ல ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒரு பக்கம், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேவும் இன்னொரு பக்கம், ரெண்டு குழுவும் நேச்சர் பத்திரிகையோட ஒரே இதழ்ல எழுதினாங்க. ரெண்டு ஹக்ஸ்லியும் சொந்தக்காரங்க இல்ல, இதையும் எப்பவும் யாராவது ஒருத்தர் கேப்பாங்க.

அளவு? சும்மா இருக்குற மனுஷ தசைல ஒரு பெட்டி சுமாரா 2.5ல இருந்து 3.5 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). ஸ்கேல்ல ஒரு மில்லிமீட்டர் கோடு பாருங்க, அந்த இடைவெளிக்குள்ள முன்னூறு, நானூறு பெட்டி வரிசையா நிக்கும்.

2. அது எவ்ளோ நீளம்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்?

இப்பவே ஒண்ணு பண்ணி பாருங்க. மணிக்கட்டை நேரா வெச்சு இன்னொரு கையோட ரெண்டு விரலை இறுக்கி பிடிங்க. அப்புறம் மணிக்கட்டை உள்பக்கமா முழுசா மடக்கிட்டு அதே மாதிரி பிடிங்க. பிடி தளர்ந்து போகும், எவ்ளோ முக்கினாலும் வராது. அதே ஆள், அதே தசை, அதே முயற்சி. மாறினது நீளம். விரலை மடக்குற தசை ஏற்கனவே சுருங்கின நிலைக்கு போயிடுது, அதுக்குள்ள இருக்குற சார்கோமியர்ல இழைங்க ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கி ஏறிடுது, இழுக்க இடமில்ல. (எதிர்ப்பக்கத்து தசை நீண்டு போய் விரலை பின்னால இழுக்குறதும் கொஞ்சம் சேந்துக்குது.)

அதிகமா இழுத்தாலும் இதே கதைதான், ஏன்னா இழைங்க ஒண்ணை ஒண்ணு தொடுற இடம் குறைஞ்சிடும். 1966ல கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூணு பேரும் தவளையோட ஒத்தை நாரை வெச்சு அளந்தாங்க: 2.0ல இருந்து 2.2 மைக்ரான் கிட்ட விசை உச்சத்துல இருக்கு, 3.65 மைக்ரான்ல பூஜ்யம். மனுஷனுக்கு ஆக்டின் இழை தவளையோடதை விட நீளம், அதனால நமக்கு உச்சம் 2.64ல இருந்து 2.81 மைக்ரான் கிட்ட வரும்னு கணக்கு. ஆக சார்கோமியர் நீளம் தெரிஞ்சா அந்த தசை தன்னோட பலத்துல எந்த இடத்துல நின்னு வேலை செய்யுதுன்னு தெரியும். வெளிய இருந்து சதையை எவ்ளோ அமுக்கி பாத்தாலும் இது தெரியாது.

3. எம்.ஆர்.ஐ, அல்ட்ராசவுண்ட் எல்லாம் இருக்கே, அதுல தெரியாதா?

தெரியாது. அல்ட்ராசவுண்ட்ல தசையோட நார்க்கட்டு, அதாவது பல நார் சேந்த கட்டு, வெள்ளை கோடா சாய்ஞ்சு ஓடுறது நல்லா தெரியும், அதோட நீளத்தை சென்டிமீட்டர்ல அளக்கலாம். ஆனா 3 மைக்ரான் சமாச்சாரத்தை பிரிச்சு காட்ட அதுக்கு திறன் கிடையாது. எம்.ஆர்.ஐயும் அப்படித்தான், அதோட ஒரு புள்ளியே சாதாரணமா மில்லிமீட்டர் கணக்கு, 1-வது பதில்ல சொன்ன மாதிரி அந்த ஒரு புள்ளிக்குள்ளயே நூத்துக்கணக்குல பெட்டி அடங்கிடும். ஆனா ரெண்டையும் தூக்கி போட்டுடாதீங்க, 12-வது கேள்வில அல்ட்ராசவுண்ட் திரும்ப தேவைப்படும்.

4. அப்ப பயாப்சி எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சு பாத்தா முடிஞ்சுதே?

இங்கதான் முக்கால்வாசி பேர் சறுக்குறாங்க. தசை உடம்புல இருக்கும்போது ரெண்டு முனைலயும் இழுத்து கட்டி இருக்கு. கொஞ்சம் வெட்டி எடுத்தா அந்த இழுப்பு போயிடும், துண்டு ரப்பர் பேண்ட் மாதிரி சுருண்டுக்கும். அப்புறம் நீங்க அளக்குறது வெட்டின துண்டோட நீளம், அந்த ஆளோட முட்டி இந்த கோணத்துல இருந்தப்ப இருந்த நீளம் இல்ல. வெட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு பிடிச்சு எடுக்குற முறை இருக்கு, ஆபரேஷன்ல செய்வாங்க, ஆனா ஆரோக்கியமா இருக்குற ஒருத்தரை அதுக்காக அறுக்க முடியுமா?

இறந்தவங்க உடம்புல அளந்த கணக்குதான் ரொம்ப காலமா பாடப்புத்தகத்துல இருக்கு, அந்த உழைப்புக்கு பெரிய மரியாதை உண்டு. ஆனா அது விறைச்சு, ஃபார்மலின்ல ஊறின தசை, பெரும்பாலும் வயசானவங்களோடது. மூட்டை ஆட்டி "இப்ப எவ்ளோ, இப்ப எவ்ளோ"னு அதுகிட்ட கேக்க முடியாது.

5. லேசர் அடிச்சு அளந்தாங்கன்னு படிச்சேனே, அது இதுதானா?

அது இந்த ஊசி லென்ஸ் முறைக்கு அண்ணன். வீட்ல பழைய சிடி இருந்தா வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, வானவில் தெரியும். சிடில தடத்துக்கும் தடத்துக்கும் நடுவுல 1.6 மைக்ரான், அந்த ஒழுங்கான வரிதான் வெளிச்சத்தை பிரிச்சு அனுப்புது. தசைலயும் அதே அளவுல ஒழுங்கான வரி இருக்கு இல்லையா, அதனால மெல்லிசான தசைக்கட்டு வழியா லேசரை விட்டா அந்தப்பக்கம் கோடு கோடா விழும். சிவப்பு ஹீலியம் நியான் லேசர், அலைநீளம் 632.8 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்). சார்கோமியர் 2.5 மைக்ரான்னா முதல் கோடு 14.7 டிகிரில விழும், 3.5 ஆச்சுன்னா 10.4 டிகிரிக்கு உள்ள வந்துடும். நீளமான சார்கோமியர், குறுகலான கோணம், இதை தலைகீழா எழுதி மார்க் விடாத மாணவர் குறைவு.

அமெரிக்க தசை ஆய்வாளர் ரிச்சர்ட் லீபரும் ஸ்வீடன் கை அறுவை மருத்துவர் யான் ஃப்ரீடனும் சேந்து இத ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டு போனாங்க. கைல வேற காரணத்துக்கு ஆபரேஷன் நடக்கும்போது மணிக்கட்டை நிமித்துற தசைல இதை வெச்சு, மணிக்கட்டை மடக்கி நீட்டி அளந்து 1994ல வெளியிட்டாங்க. உயிரோட இருக்குற மனுஷனுக்குள்ள சார்கோமியர் எங்க இருந்து எங்க போகுதுன்னு நேரடியா காட்டின வேலை அது. குறை ஒண்ணுதான், தோலை திறந்தாகணும். ஆபரேஷனுக்கு வர்றவங்களை மட்டும்தான் அளக்க முடியும்.

6. சாயம் எதுவும் ஏத்தாம சதை தானா எப்படி வெளிச்சம் விடும்?

இந்த கேள்வி வந்தா எனக்கு கிளாஸ் நேரம் போறதே தெரியாது.

மயோசின் இழைல மூலக்கூறெல்லாம் ஒரே ஒழுங்குல படை மாதிரி அடுக்கி நிக்குது. அது மேல ரொம்ப அடர்த்தியா, ரொம்ப குட்டி குட்டி துடிப்பா லேசர் விழுந்தா, ரெண்டு ஒளித்துகள் சேந்து ஒரே துகளா வெளிய வருது, சரியா பாதி அலைநீளத்துல. 920 நானோமீட்டர்ல கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு உள்ள போகும், 460 நானோமீட்டர்ல நீலம் திரும்ப வரும். இதுக்கு இரண்டாம் ஹார்மோனிக்னு பேரு, வயலின் தந்தியை பாதில தொட்டா ஒரு ஸ்தாயி மேல கேக்குமே, அதே கணக்கு. துடிப்பு எவ்ளோ குட்டின்னா, 100 ஃபெம்டோசெகண்ட், அதாவது ஒரு செகண்டை பத்து லட்சம் கோடி பங்கா போட்டு அதுல ஒரு பங்கு. அந்த கண நேரத்துல மட்டும் ஒளி பயங்கர அடர்த்தி, சராசரியா பாத்தா கம்மி, அதனாலதான் சதை சுடாம தப்பிக்குது. அகச்சிவப்பா இருக்கறதால சதைக்குள்ள உறிஞ்சப்படுறதும் குறைவு.

ஆக்டின் இப்படி ஒளி விடாது. அதனால படத்துல மயோசின் இருக்குற இடம் வெளிச்சப் பட்டை, இல்லாத இடம் இருட்டு, வரிக்குதிரை மாதிரி வந்து நிக்கும். ஒரு வெளிச்சப் பட்டையோட நடுவுல இருந்து அடுத்த பட்டையோட நடு வரைக்கும் ஒரு சார்கோமியர். சாயம் வேணாம், ஊசி மருந்து வேணாம். இந்த விளைவை முதல்ல 1961ல மிச்சிகன்ல பீட்டர் ஃபிராங்கன் குழு ஒரு குவார்ட்ஸ் படிகத்துல ரூபி லேசர் விட்டு கண்டுபிடிச்சாங்க. அந்த கட்டுரைல ஆதாரமே படத்துல இருந்த ஒரு மங்கலான புள்ளிதான், அச்சுக்கு போகும்போது அதை ஏதோ அழுக்குன்னு நினைச்சு அழிச்சிட்டாங்க. இப்பவும் அந்த பக்கத்தை எடுத்து பாத்தா அம்புக்குறி மட்டும் இருக்கும், புள்ளி இருக்காது.

7. ஒளி நிறம் மாறி வருதுன்னா இது நம்ம ராமன் விளைவா அக்கா?

இல்ல, ஆனா கேள்வி நல்ல கேள்வி. ராமன் விளைவுல ஒரு ஒளித்துகள் மூலக்கூறுகிட்ட கொஞ்சம் சக்தியை குடுத்துட்டோ வாங்கிட்டோ போகும், அதனால நிறம் மூலக்கூறுக்கு தகுந்தபடி கொஞ்சம் நகரும். இங்க சதைகிட்ட சக்தி எதுவும் தங்குறதில்ல, ரெண்டு துகள் அப்படியே ஒண்ணாகுது, அதனாலதான் சரியா பாதி.

நம்ம ஊர் தொடர்பு வேணும்னா அது வேற இடத்துல இருக்கு. சதையை சுத்தி இருக்குற உறைல கொலாஜன் இருக்கு, அதுவும் இதே மாதிரி ஒளி விடும், ஏன்னா அதுவும் ஒழுங்கா முறுக்கின கயிறு. அந்த முறுக்கோட அமைப்பை சென்னை பல்கலைக்கழகத்துல ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1954ல சொன்னாங்க, மேல சொன்ன வழுக்கும் இழை கட்டுரைங்க வந்த அதே வருஷம். படம் பாக்குறவங்களுக்கு இது நடைமுறைல முக்கியம்: அலை அலையா, வரி இல்லாம ஓடுற வெளிச்சம் தெரிஞ்சா அது கொலாஜன், ஊசி இன்னும் சரியான இடத்துல இல்லன்னு அர்த்தம்.

8. கடைசில ஊசி குத்துவாங்க, அப்படித்தானே? எவ்ளோ பெருசு?

ஆமா, குத்துவாங்க. அந்த ஒளி தோல் மேல இருந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு போய் தெளிவா திரும்பி வராது, சிதறிடும். அதனால லென்ஸையே உள்ள அனுப்புறாங்க. 2008ல ஸ்டான்ஃபோர்டுல மார்க் ஷ்னிட்சர், ஸ்காட் டெல்ப் ரெண்டு பேரோட குழுவும் சேந்து, 350 மைக்ரான் தடிமன்ல, மூணு நாலு தலைமுடி சேத்து வெச்ச அளவுல, ஒரு குச்சி லென்ஸை தசைக்குள்ள விட்டு எலியிலயும் மனுஷனோட முன்கையிலயும் சார்கோமியரை படம் எடுத்து காட்டினாங்க. தோலை திறக்காம இதை பண்ண முடியும்னு உலகத்துக்கு தெரிஞ்சது அப்பதான்.

அப்புறம் வந்த கருவில ஊசி நேரா உள்ள போனாலும் பார்வை பக்கவாட்டுல இருக்கும். ரெண்டு ஊசி பக்கம் பக்கமா, ஒண்ணு லேசரை அனுப்பும், இன்னொண்ணு திரும்பி வர்ற நீல ஒளியை வாங்கும். நார் எந்த திசைல ஓடுதுன்னு முதல்ல அல்ட்ராசவுண்ட்ல பாத்து அதுக்கு தகுந்தபடி வெச்சு, ஸ்பிரிங் வெச்ச கருவில டக்குனு உள்ள இறக்குவாங்க. கையால மெதுவா அழுத்துறதை விட இது நல்லது, நாரும் கிழியாது, வலியும் கம்மி. நரம்பு டெஸ்டுக்கு ஊசி போட்டு ஈ.எம்.ஜி எடுத்துக்கிட்டவங்க இருந்தா, அந்த வகையறா வலின்னு எடுத்துக்கங்க. பயாப்சி மாதிரி சதையை வெட்டி எடுக்குறது இதுல கிடையாது.

9. ஆள் மூச்சு விட்டாலே சதை ஆடுமே, படம் கலங்கிடாதா?

கலங்கும். பெட்டி அளவு 3 மைக்ரான், ஆட்டம் அதை விட பல மடங்கு. ரெண்டு விதமா சமாளிக்கிறாங்க. ஒண்ணு, கருவியை மேஜைல நிறுத்தாம உடம்போடயே கட்டிடுறது, 2015ல அதே ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க உடம்புல மாட்டிக்கிற மைக்ராஸ்கோப்பாவே பண்ணிட்டாங்க, சதை ஆடினா ஊசியும் சேந்து ஆடும். ரெண்டு, வேகம். முழு படத்துக்கு நேரமில்லன்னா நார் போற திசைல ஒரே ஒரு கோட்டை மட்டும் திரும்ப திரும்ப ஸ்கேன் பண்ணலாம்.

இதோட ஒரு சந்தேகம் எப்பவும் ஒட்டிக்கிட்டே வரும்: ஒளியோட அலைநீளமே அரை மைக்ரான், ஒரு பட்டை விளிம்பே மங்கலா தெரியும்போது 3.04க்கும் 3.09க்கும் வித்தியாசம் எப்படி சொல்றீங்கன்னு. ஒத்தை பெட்டியை அளக்குறதில்ல, அதான் பதில். வரிசையா இருபது பெட்டி தெரிஞ்சா முதல் பட்டைக்கும் கடைசி பட்டைக்கும் உள்ள தூரத்தை இருபதால வகுக்குற மாதிரிதான் கணக்கு (நிஜத்துல ஃபூரியர் மாற்றம்னு, திரும்ப திரும்ப வர்ற இடைவெளியை கண்டுபிடிக்கிற கணக்கு போட்டு எடுப்பாங்க), விளிம்போட மங்கலும் இருபதால வகுபட்டு போயிடுது. நாம ஒரு தாளோட தடிமனை அளக்க நூறு தாளை அடுக்கி அளப்போமே, அதே புத்திதான்.

10. சும்மா இருக்கும்போது மட்டும்தானா, சதை துடிக்கும்போதும் பாக்கலாமா?

பாக்கலாம், 2015 வேலையோட உயிரே அதுதான். ஊசி வழியாவே சின்ன மின்சாரம் குடுத்து, ஒரே ஒரு நரம்பு செல்லும் அது ஆட்டி வைக்கிற நார்களும் சேந்த ஒரு குழுவை மட்டும் துடிக்க வெச்சு, அந்த துடிப்புல சார்கோமியர் நகர்றதை கோடு ஸ்கேன்ல பிடிச்சாங்க. கெண்டைக்கால்ல இருக்குற சோலியஸ், தொடை வெளிப்பக்க தசை, ரெண்டுலயும்.

அதை விட என்னை உக்கார வெச்ச விஷயம், அதே வேலைல பக்கவாதம் வந்து கை முறுக்கா இருக்குறவங்களோட பைசெப்ஸை பாத்தது. அவங்க கையை அசைக்கவே இல்ல, வெளிய எதுவும் தெரியல, உள்ள சார்கோமியர் தானா சின்ன சின்னதா சுருங்கிக்கிட்டு இருந்திருக்கு. "சும்மாதான் வெச்சிருக்கேன் மேடம், ஆனா உள்ள என்னமோ இழுத்துக்கிட்டே இருக்கு"னு எத்தனை பேர் சொல்லி கேட்டிருக்கேன்.

11. சரி, நார்மல் எவ்ளோ? ஒரு நம்பர் சொல்லுங்க போதும்.

ஒரு நம்பர் கிடையாது, எந்த தசை, மூட்டு எந்த கோணத்துல, தசையோட எந்த பகுதி, மூணும் சொன்னாதான் நம்பருக்கு அர்த்தம். தொடை வெளிப்பக்க தசைல முட்டியை 50 டிகிரி மடக்கினப்ப 2.84 மைக்ரான், 110 டிகிரி மடக்கினப்ப 3.17. மணிக்கட்டை நிமித்துற தசைல மணிக்கட்டை நிமித்தி வெச்சப்ப 2.93, முழுசா மடக்கினப்ப 3.58. எல்லாம் ஊசி லென்ஸ் வெச்சு ஆரோக்கியமானவங்ககிட்ட எடுத்த சராசரி.

2-வது பதில்ல சொன்ன உச்சத்தோட ஒப்பிட்டு பாருங்க. மணிக்கட்டு தசை உச்சத்தை தாண்டி நீண்ட பக்கத்துலயே வேலை செய்யுது. அப்புறம் முழங்காலுக்கு கீழ முன்பக்க தசைல பாத்தப்ப ஒரே தசைலயே பகுதிக்கு பகுதி நீளம் வேற வேறயா இருந்துச்சு. ஒரு இடத்துல குத்தி எடுத்த நம்பரை முழு தசைக்கும் நம்பர்னு எழுதுற பழக்கம் இதோட போகணும்.

12. சதை சுருங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப சார்கோமியர் குட்டையாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்ல. இந்த பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பீங்கன்னா இதை படிங்க.

நார்க்கட்டோட நீளம் = பெட்டி எண்ணிக்கை × ஒரு பெட்டியோட நீளம். வெளிய குட்டையா தெரியுதுன்னா ரெண்டுல எது குறைஞ்சிருக்குன்னு வெளிய இருந்து தெரியாது. மூளை வாதம் இருக்குற குழந்தைங்களுக்கு தொடை பின்பக்க தசை இறுகி முட்டி நிமிராம போகும்போது, எல்லாரும் நினைச்சது உள்ளயும் பெட்டிங்க சுருங்கி இருக்கும்னு. ஆபரேஷன்ல அளந்தா நேர் எதிர். சார்கோமியர் மத்த குழந்தைங்களோடதை விட நீளமா, விறைப்பா இழுபட்டு இருந்துச்சு, 2011ல லூக்காஸ் ஸ்மித்தும் லீபர் குழுவும் வெளியிட்டாங்க, நாரை சுத்தி இருக்குற கொலாஜன் உறையும் கெட்டியாகி இருந்துச்சு. அதாவது பெட்டி எண்ணிக்கை பத்தல, இருக்குற பெட்டிங்களே அத்தனை தூரத்தையும் இழுத்து பிடிச்சு ஈடு கட்டுது.

கணக்கா பாக்கலாம், இது புரியறதுக்கு நான் போட்ட கணக்கு. நார்க்கட்டு 9 சென்டிமீட்டர், சார்கோமியர் 3.0 மைக்ரான்னா, வகுத்தா 30,000 பெட்டி. இறுகின தசைல கட்டு 7.2 சென்டிமீட்டர், சார்கோமியர் 3.6 மைக்ரான்னா 20,000 பெட்டி. வெளிய பாத்தா அஞ்சுல ஒரு பங்கு குட்டை, உள்ள மூணுல ஒரு பங்கு பெட்டி காணோம். அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்திருந்தா நஷ்டத்துல அஞ்சுல ரெண்டு பங்கு கண்ணுல படாமலே போயிருக்கும். 3-வது பதில்ல அல்ட்ராசவுண்டை தூக்கி போடாதீங்கன்னு சொன்னது இதுக்குதான், நார்க்கட்டு நீளத்தை அது குடுக்கணும், பெட்டி நீளத்தை ஊசி லென்ஸ் குடுக்கணும், வகுத்தாதான் எண்ணிக்கை. பெட்டியை ஒண்ணொண்ணா யாரும் எண்ணுறதில்ல. சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல பக்கவாதம் வந்து வருஷக்கணக்கானவங்களோட பைசெப்ஸை இப்படி ரெண்டையும் சேத்து அளந்து 2021ல வெளியிட்டாங்க, பாதிச்ச கைல நல்ல கையை விட ஏறக்குறைய கால்வாசி பெட்டி கம்மி.

13. அப்ப ஸ்ட்ரெட்ச் பண்ணா பெட்டி கூடுமா அக்கா? ஜிம்ல எல்லாரும் கூடும்ங்கறாங்க.

விலங்குல கூடுது, குறையவும் குறையுது. 1972ல டபாரி, கோல்ட்ஸ்பிங்க் ஆளுங்க பூனையோட கெண்டைக்கால் தசையை சுருங்கின நிலைல மாவுக்கட்டு போட்டு வெச்சாங்க, பெட்டி எண்ணிக்கை 40 சதவீதம் போயிடுச்சு. நீட்டின நிலைல கட்டு போட்டா 20 சதவீதம் கிட்ட கூடுச்சு. கட்டை பிரிச்சா பழைய எண்ணிக்கைக்கே திரும்பிச்சு. ஆனா நாள் முழுக்க கட்டு போட்டு வெக்கிறதும் காலைல முப்பது செகண்ட் காலை நீட்டுறதும் ஒண்ணு இல்ல தம்பி.

மனுஷன்ல ஊசி லென்ஸ் வெச்சு பாத்தது நார்டிக் பயிற்சில, முட்டி போட்டு நின்னு, காலை ஒருத்தர் பிடிச்சுக்க, முன்பக்கமா மெதுவா சாய்வாங்களே அது. 3 வாரம் பண்ணினப்ப தொடை பின்பக்க தசைல நார்க்கட்டு நீண்டுச்சு. அல்ட்ராசவுண்ட் மட்டும் வெச்சிருந்தா "பெட்டி கூடிடுச்சு"னு எழுதியிருப்பாங்க, ஆனா லென்ஸ் வெச்சு பாத்தா தசையோட கீழ்ப்பகுதில பெட்டியோட நீளம்தான் கூடியிருக்கு, எண்ணிக்கை மாறல. 9 வாரம் வரைக்கும் போன இன்னொரு ஆய்வுல எண்ணிக்கையே கூடுச்சு. ஆக மூணாவது வாரத்துல அளவு டேப்பை எடுத்து சந்தோஷப்படாதீங்க, தொடர்ந்து பண்ணுங்க.

14. எங்க அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம். இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

இது லேப்ல பில் போட்டு எடுக்குற டெஸ்ட் இல்லங்க, ஆராய்ச்சிக்கு பயன்படுற கருவி. இதோட ரிசல்ட்டை பாத்து சிகிச்சையை மாத்துற கட்டத்துக்கு இன்னும் வரல. யாராவது இந்த பேரை சொல்லி பணம் கேட்டா குடுக்காதீங்க.

அம்மாவுக்கு இப்ப இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது 12-வது பதில் மட்டும். இறுகின கையை வேகமா, பலமா இழுத்து நிமித்த பாக்காதீங்க, வலி எடுக்குற அளவுக்கு யாரையும் இழுக்க விடாதீங்க. உள்ள பெட்டிங்க ஏற்கனவே இழுபட்டு நிக்கலாம். மெதுவா, நேரம் எடுத்து, ஸ்ப்ளின்ட் வேணுமான்னு உங்க பிசியோதெரபிஸ்ட், டாக்டர்கிட்ட கேட்டு செய்யுங்க.

15. ஊசி சரியா நார் கூட இணையா நிக்கலன்னா அளவு தப்பாகுமா?

தப்பாகும், அதுவும் எப்பவும் ஒரே பக்கமா. வெண்டைக்காயை நேரா குறுக்க வெட்டினா வட்டம் வரும், சாய்ச்சு வெட்டினா நீள்வட்டம், நீள்வட்டத்தோட நீளம் எப்பவும் வட்டத்தை விட அதிகம்தான், கம்மியாகாது. அதே மாதிரி படத்தளம் நாருக்கு சாய்வா வெட்டினா பட்டை இடைவெளி நிஜத்தை விட பெருசாதான் தெரியும். நிஜ நீளத்தை கோணத்தோட கொசைனால வகுத்தா படத்துல தெரியுற நீளம். 10 டிகிரி சாய்ஞ்சா 3.00 மைக்ரான் 3.05 ஆகும், 15 டிகிரின்னா 3.11. சின்ன பிழைதான், ஆனா 12-வது பதில் கணக்குல போட்டு பாருங்க, 30,000 பெட்டி 29,000 ஆயிடும், ஆயிரம் பெட்டி சும்மா காணாம போயிடும். பயிற்சிக்கு முன்ன ஒரு கோணம், பின்ன ஒரு கோணம்னு குத்தினா வந்த வித்தியாசம் தசையோடதா ஊசியோடதான்னே சொல்ல முடியாது. கட்டுரை படிக்கும்போது எத்தனை படம் எடுத்தாங்க, எத்தனை இடத்துல குத்தினாங்க, அல்ட்ராசவுண்ட் வெச்சு திசை பாத்தாங்களா, இதைத்தான் நான் முதல்ல தேடுவேன்.

16. மூட்டை ஆட்டாம பிடிச்சுக்கிட்டா சதை முறுக்கினாலும் சார்கோமியர் நீளம் மாறாதுல்ல?

எம்.பி.டி, அதாவது பிசியோதெரபி முதுகலை, படிக்கிற ஒரு பொண்ணு கேட்டது. மாறும். தசை எலும்போட நேரா ஒட்டல, நடுவுல தசைநாண் இருக்கு, அது கொஞ்சம் நீளும். மூட்டு அசையாம இருந்தாலும் முறுக்கும்போது தசை நாணை இழுத்து நீட்டிட்டு தான் குட்டையாயிடும், குதிகால் நாண் மாதிரி நீளமான நாண் இருந்தா இது இன்னும் ஜாஸ்தி. அதனால 11-வது பதில்ல குடுத்த நம்பர் எல்லாம் தசை தளர்வா இருந்தப்ப எடுத்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கணும், அதே கோணத்துல முழு பலத்தோட இழுக்கும்போது சார்கோமியர் அதை விட குட்டையாத்தான் இருக்கும். தளர்வுல 3.2 மைக்ரான்ல நிக்கிற ஒரு தசை, "ஐயோ உச்சத்தை தாண்டி போயிடுச்சே"னு நாம நினைக்கிறது, இழுக்க ஆரம்பிச்சதும் 2.8 கிட்ட வந்து சரியா தன்னோட பலமான இடத்துல உக்காந்திருக்கலாம். அந்தப் பொண்ணு கேட்டதை நம்பரா சொல்லணும்னா, தளர்வா இருக்கும்போது ஒரு தடவை, முறுக்கும்போது ஒரு தடவைன்னு ஒரே இடத்துல ரெண்டு தடவை அளந்தாகணும்.